கடைசியாகப் பார்த்தவர்

ஷட்டரைத் தூக்கியதும் சௌந்தரராஜன் கேமரா டிவியைத் தெருப்பக்கம் திருப்பி வைக்கிறார். மற்ற மளிகைக் கடைகளில் அது கல்லாவைப் பார்த்திருக்கும். இவர் கடையில் ரோட்டில் போகிறவர்கள்தான் அதைப் பார்க்க முடியும். அரிசி மூட்டைகள், எண்ணெய் டின்கள், நோட்டுப் புத்தக அலமாரி, நடுவில் நின்று துவரம்பருப்பு நிறுக்கிற சௌந்தரராஜன் எல்லாம் அதில் தெரியும். ஏம்பலம் டவுன் பஸ் வாசலில் நிற்கிறபோது ஜன்னலோரத்து ஆட்கள் அவருடைய பின்மண்டை வழுக்கையைக்கூடப் பார்த்துவிட்டுப் போவார்கள். கேமரா மாட்ட வந்தவர், "இன்னாங்க, உல்ட்டாவா வெச்சிக்கிறீங்க" என்று கேட்டாராம். "பாக்க வேண்டியவங்க அவங்கதானப்பா" என்றார் சௌந்தரராஜன்.

வில்லியனூர் கடைவீதியில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டபோது இந்த ஊருக்கு வந்து கடை போட்டவர். ஊருக்கு அவர் செட்டியார். வயது அறுபதை நெருங்குகிறது. வெள்ளை அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டாத வேட்டி. யாராவது பேசினால் முகத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பி வலது காதைக் கொடுப்பார். இடது காது சரியாகக் கேட்பதில்லை. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று விசாரித்தபோது, "பைக்ல வுழுந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் பைக் கிடையாது.

குழந்தைகள் தனியாக வந்தால் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். பின்கட்டுதான் வீடு. "சுலோசனா" என்று குரல் கொடுப்பார், மனைவி வந்து எடுத்துக் கொடுப்பார். மனைவி இல்லாத நேரமென்றால், ரப்பர் டப்பா முதுகுக்குப் பின்னால் பளிச்சென்று தெரிய, "ஸ்டாக் இல்லம்மா, அம்மாவ இட்டுக்கினு வா" என்பார். பிள்ளைகள் டப்பாவைப் பார்ப்பார்கள், அவரைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

முன்பெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் மிட்டாய் மாமா. எதை வாங்கினாலும் ஆரஞ்சு மிட்டாய் ஒன்று இலவசம். சொந்தப் பிள்ளை இல்லாத மனிதர் என்று ஊரும் அதை இரக்கத்தோடு பார்த்தது. பிற்பாடு போலீஸ் ஸ்டேஷனில் அவரிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "புள்ளைங்களுக்கு சும்மா மிட்டாய் குடுக்கறியாமே, ஏன்டா?"

கொரோனா முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த வருடம் அது. எதிர்ச்சாரியில் இருக்கிற கரும்பு விவசாயி வீரமணியின் மூத்த மகள் பிரியதர்ஷினி டியூஷனுக்குப் போகிற வழியில் பென்சில் வாங்க வந்தாள். வாங்கினாள், மிட்டாயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் பக்கமாகத் திரும்பினாள். டியூஷனுக்குப் போய்ச் சேரவில்லை. கரும்புத் தோட்டங்களை ஊரே தீவட்டியும் செல்போன் வெளிச்சமுமாகத் துழாவியது. குழந்தை இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமல் ஸ்டேஷனுக்குப் போனவர் சௌந்தரராஜன்தான். டிரான்ஸ்ஃபார்மர் அடியில் பச்சைத் தார்ப்பாய் போட்ட குட்டியானை லோடு வண்டி ஒன்று நின்றது, அதற்குள் இரண்டு பேர் இருந்தார்கள், இந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை என்று சொல்லப் போனார். சொன்னதை எழுதிக்கொண்டார்கள். பிறகு, குழந்தையைக் கடைசியாகப் பார்த்தது நீதானே என்று உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். அந்த வண்டியை வேறெங்கோ மடக்கி, அந்த இருவரையும் பிடிக்கும் வரைக்கும் வெளியே விடவில்லை. திரும்பி வரும்போது காது போயிருந்தது.

அந்த நாட்களில் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. மெயின் ரோட்டில் மறியல். பிரியதர்ஷினியின் பள்ளிக்கூட போட்டோவை ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்து நிறுத்தினார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்தார்கள். குழந்தையின் அம்மா செல்வகுமாரி அழுகிறாளா என்று கேமராக்கள் காத்துக் கிடந்தன. கொஞ்ச நாளில் கட்சிக்காரர்கள் வருவது நின்றது, ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்தது, வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப் போனது. டீக்கடைப் பேச்சும் மாறியது. "புடிச்சிக்கினு வந்தது டம்மி பீஸுங்கடா. நெஜ ஆளு எங்கியோ ஏசி கார்ல போயிக்கினு கிறான்." அதே வாயால், "செட்டியாரு மட்டும் எப்படி வெளில வந்தாராம்?" என்றும் கேட்டார்கள். போலீஸ் பிடித்தவன் குற்றவாளி இல்லை, போலீஸ் விட்டவன்தான் குற்றவாளி என்று ஊர் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அந்த முடிவுப்படி மீதி இருந்தது சௌந்தரராஜன் ஒருவர்தான்.

கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறியபோது எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தீர்களா? "இல்லைங்க. கல்லா மேல வெச்சிருந்தேன்." அப்படியானால் இந்த முகங்கள்தான் என்று அடித்துச் சொல்ல முடியுமா? சௌந்தரராஜன் அந்த இருவரையும் நெடுநேரம் பார்த்தார். "இவங்க மாதிரிதாங்க இருந்துது." மாதிரியா, இவர்களா? "மாதிரிங்க." அவர் படி இறங்கும்போது, அரசு வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டை மேசைமேல் பொத்தென்று போட்டார். அன்று மாலையே செட்டியார் சாட்சியை மாற்றிவிட்டார் என்று ஊருக்குள் பேச்சு வந்துவிட்டது. "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வரக்கூடாதா?" என்று சுலோசனா கேட்டார். "என்னை அவங்க நீதான்னு சொன்னா மாதிரி, நானும் அவனுங்களச் சொல்லணுமா?" என்றார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அன்று கோர்ட் வராந்தாவில் செல்வகுமாரியும் இருந்தாள். வாய்தா தவறாமல் போகிறவள் அவள் ஒருத்திதான். வீரமணி போவதை எப்போதோ நிறுத்திவிட்டார். "அங்க இன்னா கெடைக்கும், போடி" என்று கரும்புக் கொல்லைக்குப் போய்விடுவார். சாட்சி முடிந்து வெளியே வந்த சௌந்தரராஜனை அவள் ஏறிட்டுப் பார்த்தாள். இருவரும் ஒரே பஸ்ஸில், முன்னும் பின்னுமாக ஊர் திரும்பினார்கள்.

தீர்ப்பு நாளன்று சௌந்தரராஜன் விடிந்ததும் வில்லியனூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து கடை திறந்தார். "இன்னியோட முடிஞ்சிடும்டி" என்று மனைவியிடம் சொன்னார். அந்த இருவருக்கும் தண்டனை என்றால் தனக்கு விடுதலை என்று அவர் கணக்கு. மத்தியானத்துக்கு மேல் தமிழ்க்குமரன் பைக்கை வாசலில் நிறுத்தினார். அவர் வீரமணியின் பங்காளி, மறியலை முன்னால் நின்று நடத்தியவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சொன்னார்.

"வுட்டுட்டாங்க செட்டியாரே. ரெண்டு பேரையும். போதுமான ஆதாரம் இல்லியாம்."

சௌந்தரராஜன் வலது காதைத் திருப்பினார். சரியாகத்தான் கேட்டிருந்தது.

"அப்ப யாரு செஞ்சதாம்?" என்றார் தமிழ்க்குமரன். தீர்ப்பு எழுதியவரைக் கேட்கிற மாதிரிதான் ஆரம்பித்தார். கேட்டு முடிக்கும்போது கண் இவர்மேல் நின்றது. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் ஷட்டரில் சாணி அப்பியிருந்தது. சௌந்தரராஜன் வாளியும் தென்னந்துடைப்பமும் எடுத்துவந்து கழுவினார். சுலோசனா நிலைப்படியில் நின்றபடி, "விழுப்புரத்துல எங்க அண்ணன் வூட்டாண்ட போயிடலாம், வாண்டாம் இந்த ஊரு" என்றார்.

"போனா ஓடிட்டான்னு ஆவும்."

"இருந்தா?"

அதற்கு அவர் துடைப்பத்தை உதறினார். கடை திறந்தது. வியாபாரம் பாதியாகக் குறைந்திருந்தது. வந்தவர்கள் பையை நீட்டினார்கள், பேச்சுக் கொடுக்கவில்லை. பெண்கள் பிள்ளைகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். யார்மேலும் அவர் கோபப்படவில்லை. "அவங்களும் இன்னா பண்ணுவாங்க. யாரயாச்சும் நெனச்சாத்தான தூக்கம் வரும்" என்று சர்க்கரைப் பொட்டலம் மடித்தபடி சொல்வார். சலிப்பா சமாதானமா என்று அந்தக் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. சுலோசனா அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. உரச்சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு சிறுமி எதிர்ச்சாரியிலிருந்து ஓடிவந்து கடை விளிம்பில் ஒட்டி நின்றாள். செல்வகுமாரியின் சின்ன மகள் கனிஷ்கா. அந்த வீட்டிலிருந்து யாரும் இத்தனை வருடங்களில் அந்தக் கடையில் கால் வைத்ததில்லை. அக்கா காணாமல் போனபோது இவள் இடுப்புக் குழந்தை. இப்போது அக்காவின் உயரம் வந்திருந்தாள்.

"மிளகு பாக்கெட் வோணும்."

"ஸ்டாக் இல்லம்மா" என்றார். "வூட்டுக்குப் போ."

"தோ தொங்குதே" என்று அவள் காட்டினாள். "அப்பாவுக்கு ஜொரம். அம்மாதான் செட்டியாரு கடையில வாங்கிக்கினு வரச் சொன்னாங்க."

சாரல் உள்ளே அடித்தது. குழந்தை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. சௌந்தரராஜன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் கல்லாவை விட்டு எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு, கடைக்கு வெளியே மழையில் இறங்கினார். நடு ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டு, "நீ உள்ள போம்மா. அந்தச் சரத்துல ஒண்ணு கிள்ளிக்கோ" என்றார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. செல்வகுமாரி நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"இன்னாத்துக்குண்ணா நனையிற? உள்ள போய்க் குடுத்தனுப்பு" என்று மழைக்கு மேலே குரல் கொடுத்தாள். பதிலுக்கு நிற்கவில்லை. மகளை அவர் கடையில் விட்டுவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் காதில் அது விழுந்தது. ஒரு அடி எடுத்து வைத்தார். உள்ளே குழந்தை குதிகாலை உயர்த்திச் சரத்தை எட்டிக்கொண்டிருந்தது. சௌந்தரராஜன் அங்கேயே நின்றுவிட்டார். சட்டை உடம்போடு ஒட்ட, கண்ணாடியில் தண்ணீர் வழிய, காலியான தெருவுக்கு நடுவில், இரண்டு கைகளையும் விரித்து யாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் நீட்டி வைத்துக்கொண்டார்.