ஆசாரத்தில் உட்கார்ந்தது

மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மில் முதலாளியின் பங்களாவை ஓவியக்கூடமாக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவியுடன் போனேன். அந்தக் குடும்பத்தின் தோட்டத்தில் என் அப்பா பண்ணையாள். கூலி வாங்க வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளிவாசலில் நிற்பார். படியேறியதில்லை. ஏற விட்டதில்லை.

நான் ஏறினேன். டிக்கெட் எடுத்துக்கொண்டுதான்.

எங்கள் பக்கம் வீட்டின் முன்கூடத்தை ஆசாரம் என்போம். அங்கே புரியாத ஓவியங்கள் நாலைந்து, அவற்றுக்கு நடுவே ஒரு பித்தளைப் பலகை: ‘ஆசாரம்: குடும்பத்தினர் ஆசாரங்களைக் கடைப்பிடித்த அறை. சாதி பேதமின்றி அனைவரும் இங்கே வரவேற்கப்பட்டனர்.’

முதல் வரி, வெளியூர்க்காரர் யாரோ அகராதி பார்த்து எழுதியது. சிரித்துவிட்டுப் போகலாம். யோசித்தால் தப்பென்றும் சொல்ல முடியாது; ஆசாரத்தை அந்த வாசற்படியிலேயே கறாராகக் கடைப்பிடித்தவர்கள்தான். இரண்டாவது வரி பச்சைப் பொய்.

பொறுப்பாளரைக் கூப்பிடச் சொன்னேன்.

“ஏனுங்க, வந்த எடத்துலயும் ஆபீஸா?” என்றாள் மனைவி.

பொறுப்பாளர் அம்மையார் புன்னகையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“குடும்பத்தார் சொன்னதைத்தான் சார் போட்டிருக்கோம். நீங்க சொல்றதுக்கு ரெகார்ட் ஏதாவது இருக்கா?”

“உள்ள விடாதவங்ககிட்ட எந்த ரிஜிஸ்டர்லம்மா கையெழுத்து வாங்குவாங்க?”

“கமிட்டியில பரிசீலிப்பாங்க சார்.”

பரிசீலிப்பது என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் அந்த வார்த்தையில் சம்பளம் வாங்கியவன். பலகையை இப்போதே துணி போட்டு மூடுங்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. காவலாளி ஓடிவந்தார்.

“ஏனுங்கய்யா, கோவப்படாதீங்க. வெளிய மரத்தடியில சேர் போட்டிருக்கனுங்க. அங்க வந்து உக்காருங்க.”

அவர் கைகாட்டிய இடத்தைப் பார்த்தேன். வெளிவாசல். எவ்வளவு மரியாதையாக அங்கே அனுப்புகிறார்கள்!

பலகைக்குக் கீழே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“சார், இங்கெல்லாம் உட்காரக் கூடாது.”

“எந்த விதியிலம்மா? எடுத்துட்டு வந்து காட்டுங்க.”

அவர் எடுத்துவரப் போனார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“முட்டி புடிச்சுக்கிச்சுன்னா நாந்தான் தூக்கியுடோணும்” என்றபடி, சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூடும் நேரம்வரை விதி வரவில்லை. படம் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் அப்பா நின்ற இடத்தைக் காட்டினேன்.