சீனித் தண்ணீரும் செல்வியக்காவின் தேனீக்களும்

அழுகத் தொடங்கிய கொய்யாப்பழம் சீனியோடு சேர்ந்து கொதிக்கிற வாசம் அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. பள்ளி விட்டு அலவத்துகொட சந்தியில் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அது மூக்கில் ஏறிப் பசியைக் கிளப்பும், ஆனால் அதில் ஒரு சொட்டைக்கூட நாங்கள் நாக்கில் வைக்கக் கூடாது. யாரும் சர்பத் என்று நினைத்துக் குடித்துவிடாதிருக்க, உம்மா அதில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து வைத்திருந்தார்.

அது நுளம்புக்கு வைத்த நஞ்சு. அந்த ஆண்டு டெங்கு எங்கள் ஒழுங்கையில் வீடுவீடாக ஏறி இறங்கி, எங்கள் வீட்டில் ரிஸ்னாவைப் பிடித்தது. அவள் என் அக்கா; எங்கள் பேச்சில் 'தாத்தா'. கண்டி ஆஸ்பத்திரியில் நுளம்பு வலைக்குள் கிடந்தவளின் பிளேட்லட் இறங்கிக்கொண்டே போக, உம்மா வார்ட்டை விட்டு அசையவில்லை. அந்த நாட்களில் எனக்குத் தலைபின்னி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பியது பக்கத்து வீட்டுச் செல்வியக்கா. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்து, கலியாணத்துக்குப் பிறகு கணவரோடு எங்கள் பக்கம் குடிவந்தவர். என் உம்மாவை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

தாத்தா பிழைத்து வந்தாள், மெலிந்து, வாரினால் கொத்துக் கொத்தாக முடி கொட்ட. நுளம்புக்குப் புகை அடிக்கிறவர்கள் வந்து ஒழுங்கையையே புகையால் மூடிவிட்டுப் போனார்கள். புகை கலைந்ததும் நுளம்பு திரும்பி வந்தது. பல்லேகலயில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்த வாப்பா, அங்கே யாரோ சொன்னதை ஒருநாள் வந்து சொன்னார்: "நுளம்பு சீனித் தண்ணியுங் குடிக்குமாம். ரத்தம் பொட்டைக்கு மட்டுந்தானாம், அதும் முட்டை போடத்தானாம்." பழவாசம் உள்ள சீனிப்பாகில் போரிக் பவுடரைக் கரைத்து வைத்தால் குடித்துவிட்டுப் போய்ச் சாகுமாம். கெரம் பலகையில் நாங்கள் தூவி விளையாடுகிற அதே வெள்ளைப் பவுடர்தான்.

உம்மா பழைய சேலைகளைக் கிழித்து அந்த நீலப் பாகில் தோய்த்து, வாழைக்கூட்டத்திலும் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழும் வடிகான் ஓரத்துச் செடிகளிலும் கட்டினார். மழை கழுவிவிடும், மறுபடி தோய்ப்பார். கழுவிவிடும்; மறுபடி. அவருடைய விரல்கள் அந்தக் காலம் முழுவதும் நீலமாகவே இருந்தன. காதருகே ரீங்காரம் குறைந்தது, அல்லது குறைந்தது என்று நம்பினோம்.

செல்வியக்காவின் வீட்டுத் தாழ்வாரத்தில் அவருடைய கணவர் வைத்த தேன்பெட்டி ஒன்று இருந்தது. எங்கள் இருமலுக்கெல்லாம் அந்தத் தேன்தான். ஒரு காலையில் செல்வியக்கா ஒரு முறத்தை ஏந்திக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தார். முறம் நிறையத் தேனீக்கள், காய்ந்த தேயிலை போலச் சுருண்டு.

"அக்கா, பொட்டிக்குக் கீழ பூரா செத்துக் கெடக்கு. ஒங்க துணியிலதான் வந்து குடிக்குது, நான் பாத்தேன். கொஞ்ச நாளைக்குக் கழட்டிருங்களேன்."

உம்மா துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார், நிமிரவில்லை. "ஒங்கட பூச்சியா பெருசு செல்வி, என்ட புள்ளயா?"

செல்வியக்கா முறத்தைச் சாய்த்துவிடாமல் கவனமாகப் பிடித்தபடி வேலியைத் தாண்டிப் போனார். மாலையில் வாப்பா, "நம்மட புள்ளயப் பாத்துக்கிட்டவ அவ" என்று மட்டும் சொன்னார். உம்மாவுக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் அன்றைக்கும் தோய்த்தார். அடுத்த நாளும் தோய்த்தார். மிஞ்சிய தேனீக்கள் ஒருநாள் கூட்டமாக எழும்பிப் போய்விட்டன. செல்வியக்கா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெண்கள் தலைகுனிந்து துணி உலர்த்தினார்கள், அவ்வளவுதான்.

மழை விடும் நேரத்தில் காய்ச்சல் செல்வியக்காவையே பிடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. கேட்ட கையோடு உம்மா தோட்டம் முழுக்கச் சுற்றி எல்லாத் துணிகளையும் அவிழ்த்து எறிந்தார். செவ்விளநீரை வெட்டிப் போத்தலில் ஊற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வார்ட்டில் கட்டில் போதாமல் பாயிலும் ஆட்கள் கிடந்தார்கள். வலையை விலக்கி உட்கார்ந்த உம்மா, "கழட்டிட்டேன் செல்வி" என்றார்.

வெடித்த உதடுகளோடு செல்வியக்கா சிரிக்கப் பார்த்தார். "இப்ப எதுக்குக் கழட்டுனீங்க? கட்டிருங்கக்கா. தேனீதான் போயிருச்சே."

உம்மா அழுததை நான் முதன்முதல் பார்த்தது அங்கேதான். தாத்தா கிடந்தபோதுகூட அவர் அழவில்லை.

செல்வியக்கா தேறி வந்தார். இருவரும் மீண்டும் பேசிக்கொண்டார்கள், முன்பைவிடக் கவனமாக, சொற்களைத் தேர்ந்து. பிறகு செல்வியக்கா கணவரின் வேலைக்காக டவுன் பக்கம் குடிபோய்விட்டார். உம்மா அதன் பிறகு அந்தப் பாகைக் காய்ச்சவே இல்லை.

இப்போது நான் மடவளையில் இருக்கிறேன். தேனீ தொடாமல் நுளம்பு மட்டும் குத்திக் குடிக்கும்படி, தோல் போன்ற மெல்லிய உறைக்குள் நஞ்சுச் சீனியை அடைத்து எங்கெங்கோ பரீட்சித்துப் பார்ப்பதாக அண்மையில் வாசித்தேன். உம்மாவிடம் சொன்னபோது "அப்படியா" என்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இங்கே மழை வருகிறது, சட்டிகளைக் கவிழ்க்கிறோம், வேறெங்கோ தண்ணீர் நிறைகிறது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நுளம்பை ஒழித்தே தீருவது என்று விரல் நீலமாக நின்ற அந்தக் கோபத்தை மட்டும் இப்போது யாரிடமும் காணோம். காய்ச்சல் என்றால் டெங்குவா என்று எந்த நாளில் இரத்தம் சோதிக்க வேண்டும் என்பது என் சின்ன மகளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.