அன்றைக்கு அவருக்குப் பசித்தது

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குப் பக்கத்து மிஷினில் நின்றவர். கட்டை மீசை, முழங்கை வரை கிரீஸ். சாப்பிடும் முன் கண்மூடி ஜெபிப்பார். அவர் ஆமென் சொல்வதற்குள் என் டப்பா பாதி காலியாகிவிடும்.

கம்பெனியை மூடுவதாகக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய மதியமும் அதே நிதானத்தோடு ஜெபித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"வேலையே போச்சு, இன்னாத்துக்குண்ணே ஸ்தோத்திரம்?"

"சோத்துக்குப்பா. சோறு கீதுல்ல?"

"நாளைக்கு?"

"அத நாளைக்கு ஜெபத்துல கேட்டுக்கறேன். நீ துன்னு."

என்னைப் போலவே அவருக்கும் வாடகை வீடு, படிக்கிற பிள்ளைகள். ஆனாலும் குழம்பை வழித்துச் சாப்பிட்டார். என் டப்பா திறக்காமலே வீடு திரும்பியது.

பிறகு எனக்கு வேறு வேலை கிடைத்தது, சம்பளமும் கூடுதல். இருந்தும் அன்று அவருக்கு எடுத்த பசியை நினைத்தால் இன்றும் பொறாமையாக இருக்கிறது.