மேகத்துக்குள் கைக்கு எட்டிய பச்சைத் தழை

ஒரு விதவை தனியாக மலையில் நடந்தாள் என்று என்மேல் கோபமாக இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் இதை வாசிக்கட்டும்.

எழுபத்து நான்காம் வருடம் என் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். போடியில் எங்கள் ஜவுளிக்கடையைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டார். எனக்கு உள்ளறையைக் காட்டினார்கள். ஜெபம்கூட வரவில்லை. செத்தால் போதும் என்றிருந்தது. ஐப்பசியில், மலைமேல் எங்கள் ஏலத்தோட்டத்துக் காவல் குடிசையில் போய்க் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றேன்.

“மதினி, நாலு பேரு என்ன சொல்லுவாக?” என்றார் கொழுந்தன்.

“அந்த நாலு பேரும் என் கண்ணீரத் தொடைக்க வரலயே தம்பி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

குடிசையில் காவல்காரர் மாயாண்டியும் அவர் மனைவியும் இருந்தார்கள். மறுநாள் காலை தனியாகவே மலைமுகட்டுக்கு நடந்தேன். “மேகம் எறங்குனா ஒண்ணும் தெரியாதும்மா, உச்சிப்பொழுதுக்குள்ள திரும்பிருங்க” என்றார் மாயாண்டி. முகட்டில் நின்றபோது கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே வெயிலில் கிடந்தது. பல மாதங்களுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. கொண்டுபோன கட்டுச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றேன். இன்னும் கொஞ்ச தூரம் போவோம் என்று வீம்பாகவே நடந்தேன்.

மேகம் இறங்கிவிட்டது. புல்லுக்குள் பாதை தொலைந்தது. காலடியில் ஒரு கல் உருண்டது; விழுந்த சத்தமே கேட்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உரக்கக் கத்தினேன்: “ஆண்டவரே, இன்னைக்குத்தான் எனக்குப் பிழைக்க ஆசை வந்துச்சு. அதையும் குடுத்துட்டு இங்கன தள்ளுவீரோ? நான் விடமாட்டேன்!”

தரையைத் தடவித் தவழ்ந்தேன். நெடுநேரம் கழித்து ஈரமான தழைக்குவியல் ஒன்று கையில் பட்டது. இந்த மலையில் சுமை தூக்கிப் போகிறவர்கள் வழியோரக் கல்சாமிக்கு ஒரு பச்சைக் கொப்பு ஒடித்துப் போட்டு, வழித்துணை கேட்டுப் போவது வழக்கம். மேலே கிடந்த கொப்பு வாடவே இல்லை. அன்றைக்கு யாரோ அந்த வழியாகப் போயிருக்கிறார்கள்! பக்கத்திலேயே பாதை தட்டுப்பட்டது. அதைப் பிடித்து இறங்கினேன். பொழுது சாயும்போது குடிசை தெரிந்தது. மாயாண்டியின் மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, “ஆத்தா, வந்துட்டீகளா!” என்று அழுதாள்.

ஊர் திரும்பியதும் கடையில் என் பங்கைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். வருடந்தோறும் ஐப்பசியில் மலைக்கும் போகிறேன், தனியாகத்தான்.

சபையில் இதைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தபோது, முன்பே கேள்விப்பட்டிருந்த மூப்பர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “அந்தத் தழை சமாச்சாரத்த விட்டுட்டுச் சொல்லும்மா. அது அவுக சாமிக்குப் போட்டதுல்ல?”

விடவில்லை. தழையோடு சேர்த்தே சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன். என் ஆண்டவர் என் கூப்பாட்டைக் கேட்டார். முன்பின் தெரியாத யாரோ ஒரு சுமைக்காரரின் கையால் பதில் கொடுத்தார். அந்தச் சுமைக்காரருக்கும் நன்றி சொல்ல எனக்கு வெட்கமில்லை.

துக்கத்தில் மூலையில் கிடக்கிறவர்களே, எழுந்து ஆண்டவரை நம்பிக் கூப்பிடுங்கள். சண்டை போட்டாவது கூப்பிடுங்கள். பதில் நம் சபை வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று மட்டும் அவருக்கு உத்தரவு போடாதீர்கள்.