கோதலீவின் பானையில் மெத்தோத் குடித்த கள்

என் தம்பி மெத்தோத் சைக்கிளில் வாழைத்தார் ஏற்றிப்போய்ச் சந்தையில் விற்பவன். ஒரே தடவையில் பதினோரு தார். புருண்டியில் எங்கள் குன்றில் வேறு எவனும் எட்டுக்கு மேல் ஏற்றியதில்லை, நான் எண்ணியிருக்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோதலீவ் வீட்டு முற்றத்தில் கூடுவோம். அவள் கணவனை இழந்தவள், இரண்டு மகன்கள். அவர்கள் டுட்சி, நாங்கள் ஹூட்டு. அங்கே யாரும் இனம் பார்த்து உட்கார்ந்ததில்லை; நிழல் பார்த்துத்தான் உட்கார்ந்தோம். ஒரே பானை வாழைப்பழக் கள்ளில் ஏழெட்டு நாணல் குழல்கள் நிற்கும்.

"மெத்தோத், நீ உறிஞ்சுறியா, பம்பு வச்சு இறைக்கிறியா?" என்பாள் கோதலீவ்.

"தண்ணியா இருந்தா இறைக்கத்தானே அக்கா வேணும்!"

அப்படி ஒரு ஞாயிறு பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

கள் கொடுப்பவர் முதல் வாய் தானே குடித்துக் காட்ட வேண்டும். உள்ளே விஷம் இல்லை என்பதற்கு அதுதான் சத்தியம்.

தொண்ணூற்று மூன்று அக்டோபரில் தலைநகரில் டுட்சி ராணுவத்தார் ஜனாதிபதியைக் கொன்றார்கள். அவர் ஹூட்டு. பக்கத்துக் குன்றுகளில் டுட்சி வீடுகள் எரியும் புகை எங்கள் தோட்டத்திலிருந்தே தெரிந்தது. எங்கள் குன்றில் டுட்சி வீடுகள் ஆறு.

மூன்றாம் நாள் காலை கோதலீவிடம் கள் குடித்த ராஃபயேல், எங்கள் குன்றின் ஹூட்டுப் பையன், வீட்டுக்குப் போய் மயங்கி விழுந்தான். பல்வலியில் அவள் முதல் வாய் குடிக்காமலே கொடுத்திருந்தாள். ராஃபயேலின் அண்ணன் வெனெராந்த் முப்பது பேரோடு அரிவாளும் கையுமாகக் கோதலீவின் முற்றத்துக்கு வந்தான்.

"ஏண்டி நீ குடிக்கல?"

"பல்லு வலிடா. கன்னத்தைப் பாரு. இந்தா, இப்பக் குடிக்கிறேன்."

"சாகத் துணிஞ்சவ குடிக்கத்தான் செய்வா!"

மெத்தோத் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தான். ராஃபயேல் குடித்த அதே பானையின் முன் உட்கார்ந்து குழலை எடுத்தான்.

"டேய், பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன்.

"சும்மா இரு அக்கா. வெனெராந்த், நானும் ஹூட்டு, என் வயிறும் ஹூட்டு. நிழல் வாசப்படிக்கு வர்ற வரைக்கும் பாரு. நான் விழுந்தா நெனச்சதைச் செய்யி. விழலேன்னா எந்த டுட்சி வீட்டையும் தொடாம எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

"ஓசியில குடிக்க வழி கண்டுபிடிச்சுட்டான் பாவி" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

பானையில் விஷம் இல்லை என்று எனக்கு நிச்சயம் கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன். கோதலீவை இருபது வருடமாகத் தெரியும்; இருந்தும் அந்த இரண்டு மணி நேரமும் தம்பியின் உதட்டு நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிழல் வாசற்படியைத் தொட்டது. மெத்தோத் எழுந்தான், தள்ளாடினான். கூட்டம் மூச்சை இழுத்தது.

"போதைடா!" என்றான்.

"அப்ப என் தம்பிக்கு என்னடா ஆச்சு?" என்றான் வெனெராந்த்.

"நெத்தியைத் தொட்டுப் பாத்தியா?"

அவன் தொடவில்லை. யாருமே தொட்டிருக்கவில்லை. போய்ப் பார்த்தபோது ராஃபயேலின் உடம்பு அனலாகக் கொதித்தது. மலேரியா. மருத்துவ நிலையம் மூன்று மணி நேர நடை. தூக்குப் படுக்கைக்கு நான்கு தோள்கள் வேண்டும். வெனெராந்த், என் தம்பி, இன்னொருவன். மற்றவர்கள் அதற்குள் கலைந்திருந்தார்கள். கோதலீவின் மூத்த மகன் நான்காவது மூலையில் போய் நின்றான்.

வெனெராந்த் அவனை ஏற இறங்கப் பார்த்தான். அரிவாளைச் சுவரோரம் வைத்தான்.

"நீ நெட்டை. பின்னாடி புடி" என்றான்.