ஏரியலில் வந்த ஜனாஸா அறிவித்தல்

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். யாரையும் இழுத்து வைத்துச் சத்தியம் பண்ணப் போவதில்லை. ஆனால் இந்தத் திங்கட்கிழமை சாய்ந்தமருதுக் கடற்கரையில் நடந்தது இதுதான்.

பளீல் விஞ்ஞான ஆசிரியர். பழைய வானொலி என்றால் பைத்தியம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக, ஆதிகால ஒலிபரப்பு நிலையங்களின் ஏரியல் ஒன்றைக் கடற்கரை மணலில் கட்டினார். இரண்டு கமுகந்தடிகள் நட்டு, உச்சியில் குறுக்கே ஒரு கம்பி. மின்சாரம் தடிக்குக் கசியாமலிருக்க இரு முனையிலும் பீங்கான் குமிழ். நடுவிலிருந்து இன்னொரு கம்பி நேரே கீழே தொங்கியது. அதன் அடியில், சைக்கிள் சில்லுக் கம்பிகள் மாதிரி, செப்புக் கம்பிகளை மணலுக்குள் பரப்பிப் புதைத்தார். தொங்குவதுதான் பேசும், மேலே கிடப்பது அதற்குத் துணை, மண்ணுக்குள் இருப்பது வேர் என்று மனைவி பஸ்னாவுக்கு வகுப்பே எடுத்துவிட்டார். பாவம், அவளும் கேட்டுத் தொலைத்தாள்.

பளீலின் தம்பி பர்ஹான் தோணியில் மீன்பிடிக்கப் போயிருந்தான். எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க, அவனிடம் சின்ன ரேடியோ ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் பளீல் மைக்கைப் பிடித்தார்.

“பர்ஹான்… காக்கா கதைக்கன். கேக்குதா?”

பக்கத்திலிருந்த இன்னொரு ரேடியோவில் அவர் குரல் வந்தது. பஸ்னா கைதட்டினாள்.

பிறகு… க்ர்ர்ர்… யாரோ மைக்கைத் தட்டும் சத்தம். டொக். டொக்.

“ஒரு ஜனாஸா அறிவித்தல்…”

பள்ளிவாசலில் இந்தச் சாவு அறிவித்தலைக் கேட்டால் ஊரில் அரிசி களையும் கைகூட நின்றுவிடும். யார், யாருடைய மகன், எப்போது அடக்கம்… கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். ஆனால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பேசவில்லை. சத்தம் ரேடியோவில் மட்டும்.

“மர்ஹூம் முகம்மது தம்பியின் மகன் பர்ஹான்…”

மறைந்த தகப்பன் பெயர், தம்பி பெயர்! பளீல் பதறி மைக்கை அணைத்தார். ஏரியல் கம்பியைக் குறட்டால் வெட்டினார்.

குரல் நிற்கவில்லை.

ரேடியோவின் பற்றரியைப் பிடுங்கினார்.

“…காலமானார்…”

“நிப்பாட்டுங்க! அல்லாஹ்வுக்காக நிப்பாட்டுங்க!” பஸ்னா காதைப் பொத்தினாள்.

அவர் ரேடியோவைக் கல்லில் அடித்து உடைத்தார்.

பர்ஹானின் போன் எடுபடவில்லை. முன்னால் கடல். அந்த ஏரியல் பேசத்தான் செய்யும், பதில் வாங்கித் தராது. மனிதர் மணலில் உட்கார்ந்து அழுதார். வேறென்ன செய்ய?

பொழுது சாய்ந்து, மஃரிபுக்கு முன் தோணி வந்தது. பர்ஹான் தண்ணீரில் குதித்து ஓடி வந்தான். உயிரோடு!

“காக்கா! நீங்க உசிரோட இரிக்கீங்களா?” அண்ணனைத் தடவித் தடவிப் பார்த்தான். “ரேடியோவில உங்கட மௌத்தச் சொன்னாங்க…”

இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு சிரித்தார்கள். எவனோ விளையாடியிருக்கிறான் என்று ஏசினார்கள். ஏரியலைப் பிடுங்கி எறிந்தார்கள்.

அன்றிலிருந்து பர்ஹான் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று பளீல் விடாமல் கேட்டார்.

“நான் பாதியில உடச்சிட்டன். நீ முழுசாக் கேட்டியா?”

“ஓம்.”

“என்ன சொன்னாங்க?”

பர்ஹான் தலையைக் குனிந்தான்.

“முதல்ல என்ட பேர். பொறகு உங்கட பேர். ரெண்டு ஜனாஸாவும் ஒண்டா… வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பொறகு.”

இன்று வியாழக்கிழமை. பஸ்னா மோட்டார் சைக்கிள் சாவியை ஒளித்துவிட்டாள். காஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டாள். கதவைப் பூட்டிவிட்டாள். அண்ணனும் தம்பியும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.