யாரும் தொடாமல் விழுந்தவன்

என் மனைவியின் தம்பி, வீட்டில் ஒரு நாளும் தடுக்கி விழுந்ததில்லை. மழை பிடித்துக்கொண்டால் வழுக்கும் மொட்டை மாடியில் ஓடி, காயவைத்த வடகத்தை வாரிக்கொண்டு இறங்குவான். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட வந்தால், எதிராளியின் மூச்சுக்காற்று பட்டாலே போதும், சுருண்டு விழுவான். விழுவதோடு விட்டானா? கணுக்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உருளுவான், அலறுவான். பெனால்டி கிடைத்த மறு நொடி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, பந்தை அவனே எடுத்து வைப்பான். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அதே அணிதான், கோல்கீப்பர். தொப்பை வந்த பிறகு கிடைத்த பதவி.

அடி அண்ணாமலை பக்கம் நாங்கள் ஆடும் இடத்தில் நடுவர் கிடையாது. விழுந்தவன் மலையைப் பார்த்து "அடிச்சாங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது ஃபவுல், மறுபேச்சு இல்லை. பெண்டாட்டியிடம் கூசாமல் புளுகுகிறவன்கூட எங்கள் திருவண்ணாமலையில் மலையைப் பார்த்துப் புளுகமாட்டான். மச்சினன் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். வலி தாங்காதவன்போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொல்லுவான். கண்ணை மூடிக்கொண்டால் பார்த்துச் சொன்ன கணக்கில் வராதாம். மேகம் மலையை மூடிய நாட்களில் இன்னும் ஜாஸ்தியாக விழுவான். நான் திட்டினால், "டிவில பெரிய பிளேயருங்களே விழறாங்க மாமா, நான் விழக்கூடாதா?" என்பான்.

அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வந்த வரன்கள் எல்லாம் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போயிருந்தன. கடைசியில் செங்கம் பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பயிர்செய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, டவுனில் வேலை பார்ப்பவள், படத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றிருந்தாள். இவனோ ஃபோனில் அவள் படத்தைப் பார்த்தபடியேதான் சோறு தின்றான். "இதுவும் தட்டிப்போனா என் தம்பி ஒடஞ்சிடுவாங்க" என்றாள் என் மனைவி.

பையனைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் சொல்லிவிட்டா வருவார்கள்? ஒரு ஞாயிறு மாலை அப்பாவும் பெண்ணும் நேரே மைதானத்துக்கே வந்து கோட்டோரம் நின்றார்கள். படத்தில் பார்த்த முகம் என்பதால் எனக்குத் தெரிந்துவிட்டது. மச்சினனை எச்சரிக்கக் கோலுக்குள் நின்றபடி இரண்டு கையையும் ஆட்டினேன். பந்து கேட்கிறேன் என்று நினைத்து எவனோ பந்தை என்னிடம் திருப்பி அனுப்பினான். பதறிப்போய் ஓங்கி உதைத்தேன். அது பறந்துபோய் மச்சினன் காலிலேயே விழுந்தது. எதிர்க் கோலுக்கு முன்னால் போனான், விழுந்தான். சுண்ணாம்புக் கோடு அழியும் வரை உருண்டான்.

பெண்ணின் அப்பா செருப்பை உதறிவிட்டு ஓடினார். நான் மைதானத்தைக் கடந்து மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது, மண்டி போட்டு, சந்தையில் மாடு பிடிக்கிறவர் மாதிரி அவன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க தம்பி வலிக்குது?" என்று கேட்டார். மச்சினன் கண்ணைத் திறந்தான். அவரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் வந்து நின்ற பெண்ணையும் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. எதிரணியில் தடுத்து ஆடிய ஆட்டோக்காரர் மட்டும் விடவில்லை. "மலையப் பாத்துச் சொல்லுய்யா" என்றார்.

என்ன தோன்றியதோ, எழுந்தான். திறந்த கண்ணோடு மலையைப் பார்த்தான். "யாரும் என்னைத் தொடலைங்க. நானாத்தான் விழுந்தேன்" என்றான்.

திருந்திவிட்டான் பாவி என்று நினைத்தேன். அதற்குள் பெண்ணின் அப்பா என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். "தப்பா நெனைக்காதீங்க. யாரும் தொடாமயே விழறாரே, எத்தினி வருசமா இருக்குது? வேலூர் ஆஸ்பத்திரில காட்டுனீங்களா?"

"அய்யோ, வியாதி இல்லீங்க! பித்தலாட்டங்க!" என்று கத்தினேன்.

அவர் நம்பவில்லை. மறைக்கிறோம் என்று நினைத்தார். மச்சினனின் கல்யாணத்தைக் காப்பாற்ற அவன் மானத்தை வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. எதிரணியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "ஒடம்பு இரும்புங்க. ஆளுதான் பக்கா டுபாக்கூர்" என்றார் ஆட்டோக்காரர். இன்னொருவர், போன வாரம் இவன் எப்படி விழுந்தான் என்று விழுந்தே காட்டினார். எங்கள் ஆட்களும் ஒருவர் பாக்கியில்லாமல் இவன் ஏமாற்றுக்காரன்தான் என்று சத்தியம் செய்தார்கள். அப்படி ஓர் ஒற்றுமையை அந்த மைதானத்தில் நான் கண்டதே இல்லை. கேட்கக் கேட்கப் பெரியவர் முகம் தெளிந்தது. "அவ்ளோதானா? நான் பயந்தே போய்ட்டேன்" என்று சிரித்தார்.

பெண் சிரிக்கவில்லை. அவனிடமே நேராகக் கேட்டாள். "நாளைக்கு ஒங்களுக்கு நெஜமாவே முடியலைனு வெச்சிக்கோங்க. நான் எப்படிங்க நம்பறது?"

வாய் ஓயாதவன் குனிந்து கணுக்கால் மண்ணைத் தட்டினான். இவ்வளவு காலம் திட்டித் தீர்த்த எனக்கும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. "அடுத்த வாரமும் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சொன்னபடி வந்தாள். அன்று அவன் ஆடியது கால்பந்தே இல்லை, விழாமல் நிற்கும் வேலை. தோளில் இடித்தார்கள், நின்றான். சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், நின்றான். பிறகு ஆட்டோக்காரர் பந்து என்று நினைத்து வீசிய கால், அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இறங்கியது. சத்தம் என் கோல் வரைக்கும் கேட்டது. ஆட்டோக்காரரே பதறி, "ஃபவுல்தான், என் மேலதான் தப்பு" என்று கையைத் தூக்கிவிட்டார். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, "ஒண்ணுமில்ல, ஆடுங்க" என்கிறான். காலுறை சிவந்துகொண்டே வந்தது.

கோட்டோரத்திலிருந்து அவள் கத்தினாள். "வலிச்சா உக்காருங்க! நான் நம்பறேன்!"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, சத்தமே வராமல் அழுதான்.